புகைபோக்கிக்குள் ஓடும் காற்றை அளப்பது எப்படி?

பாசீர் கூடாங் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்சி பழகியிருக்கும். சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள். அவற்றுக்கு மேலே வரிசையாகப் புகைபோக்கிகள். சிலவற்றிலிருந்து வெண்புகை, சிலவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெப்பக் காற்று. அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் பள்ளிக்குச் சென்று வருகிறார்கள்.

2019 மார்ச் மாதத்தை ஜொகூர் மாணவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து நச்சு வாயு கிளம்பியது. மாணவர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் மாணவர்கள் பாதிக்கப்பட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் மாதத்து நச்சு எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வரவில்லை, ஆற்றிலிருந்து வந்தது. ஆனாலும் அந்த நாள்களில் ஒவ்வொரு பெற்றோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் எது, எவ்வளவு கலந்திருக்கிறது?”

‘எது’ என்பதற்கு விடை காண இன்று நல்ல கருவிகள் உண்டு. ‘எவ்வளவு’ என்பதற்கு விடை காண்பதுதான் கடினம். புகைபோக்கியைப் பொறுத்தவரை அந்தக் கடினத்தின் பெரும்பகுதி ஒரே இடத்தில் இருக்கிறது: உள்ளே வாயு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அளப்பதில். கேட்பதற்குச் சிறிய விஷயம்போல் இருக்கும் இந்த அளவீட்டைச் சரியாகச் செய்ய, உலகின் முன்னணி அளவியல் ஆய்வுக்கூடங்கள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இனிப்பு வேறு, சீனியின் அளவு வேறு

ஒரு சிறிய குவளை சிரப் தண்ணீரில் இரண்டு கரண்டி சீனி போடுகிறோம். நல்ல இனிப்பு. அதே இரண்டு கரண்டியை ஒரு பெரிய குடம் தண்ணீரில் போட்டால் இனிப்பே தெரியாது. ஆனால் குடம் முழுவதையும் குடித்து முடித்தால் உடலுக்குள் போன சீனி ஒன்றுதான்.

புகைபோக்கியிலும் இதே கதைதான். ஒரு கன மீட்டர் வாயுவில் எத்தனை மில்லிகிராம் துகள் இருக்கிறது என்பது செறிவு. அது சிரப்பின் இனிப்பைப் போன்றது. ஒரு நாளில் மொத்தம் எத்தனை கிலோ துகள் வெளியேறியது என்பது வெளியேற்றத்தின் எடை. அது சீனியின் அளவைப் போன்றது. முன்னதிலிருந்து பின்னதைக் கண்டுபிடிக்க, ஒரு வினாடிக்கு எத்தனை கன மீட்டர் வாயு மேலே செல்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

செறிவை வாயு ஓட்டத்தால் பெருக்கினால் எடை கிடைக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் விட்டமுள்ள புகைபோக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்குப் பரப்பு சுமார் 28.3 சதுர மீட்டர். வாயு வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் மேலே சென்றால், ஒவ்வொரு வினாடியும் சுமார் 510 கன மீட்டர் வாயு வெளியேறும். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றின் கொள்ளளவு 2,500 கன மீட்டர். அதை இந்தப் புகைபோக்கி ஐந்தே வினாடியில் நிரப்பிவிடும்.

அந்த வாயுவின் ஒவ்வொரு கன மீட்டரிலும் 50 மில்லிகிராம் துகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், வினாடிக்கு 25.5 கிராம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2.2 டன். இப்போது, வேகத்தை அளந்த கருவி 10 விழுக்காடு தவறாகக் காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு நாளில் 220 கிலோ துகள் கணக்கில் விடுபட்டுப் போகும், அல்லது இல்லாத 220 கிலோ கணக்கில் ஏறிவிடும். முதலாவது சுற்றுவட்டார மக்களுக்கு அநீதி. இரண்டாவது தொழிற்சாலைக்கு அநீதி.

எடைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 2014இல் தூய காற்று ஒழுங்குமுறை விதிகள் நடப்புக்கு வந்தன. அதற்கு முன் நடப்பில் இருந்தவை 1978ஆம் ஆண்டின் விதிகள். அந்தக் காலத்தில் புகையின் கருமையை ரிங்கல்மன் அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது வழக்கம். செம்பனை ஆலைக் கொதிகலனின் கரும்புகையைப் பார்த்து வளர்ந்த தோட்டப்புற மக்களுக்கு அந்த அட்டையின் சாம்பல் நிறங்கள் புதியவை அல்ல. இன்று பெரிய புகைபோக்கிகளில் தொடர் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டு, அளவீடுகள் நேரடியாகச் சுற்றுச்சூழல் துறைக்குச் செல்கின்றன.

விதிகளில் உள்ள வரம்புகள் பெரும்பாலும் செறிவைத்தான் குறிக்கின்றன. வெளிக்காற்றைக் கலந்து செறிவைக் குறைத்துக் காட்டும் தந்திரத்தைத் தடுக்க, வாயுவிலுள்ள ஆக்சிஜன் அளவை வைத்துத் திருத்தம் செய்யும் முறையும் உண்டு. ஆனால் உலகம் மெல்ல மெல்ல எடைக் கணக்கை நோக்கி நகர்கிறது. அதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்லலாம்.

முதலாவது அமெரிக்கா. அமில மழையைக் குறைக்க, 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின் வழி கந்தக டை ஆக்சைடு வெளியேற்ற உரிமைகளை மின்நிலையங்கள் வாங்கவும் விற்கவும் ஒரு சந்தை உருவாக்கப்பட்டது. டன் கணக்கில் வியாபாரம் என்பதால், நிலக்கரி எரிக்கும் நிலையங்களின் புகைபோக்கிகளில் வாயு ஓட்டத்தை அளக்கும் கருவிகளும் தேவைப்பட்டன.

இரண்டாவது இந்தியா. குஜராத் மாநிலத்தின் சூரத் நகரில் 2019இல் துகள் மாசுக்கென ஒரு வெளியேற்றச் சந்தை தொடங்கப்பட்டது. துகள் மாசுக்காக உலகில் தொடங்கப்பட்ட முதல் சந்தை அதுவே. அங்குள்ள துணித் தொழிற்சாலைகள் பலவற்றின் புகைபோக்கிகளில் கருவிகள் பொருத்தி, மொத்த எடை கணக்கிடப்பட்டது. சந்தையில் சேர்ந்த ஆலைகளின் துகள் வெளியேற்றம் 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்ததாக அங்கு ஆய்வு நடத்திய பொருளியல் அறிஞர்கள் கண்டறிந்தனர்.

மூன்றாவது நம் பக்கத்து வீடு. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 2019 முதல் கரிம வரி நடப்பில் இருக்கிறது. டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய வரி 2024இல் 25 வெள்ளியானது. 2026, 2027 ஆகிய ஆண்டுகளுக்கு அது 45 வெள்ளி. மலேசியாவும் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கரிம வரி கொண்டுவரும் திட்டத்தை 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது.

இதை ஜொகூரோடு பொருத்திப் பாருங்கள். பொந்தியான் மாவட்டத்தில் தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையங்கள் இருக்கின்றன. 2006-2007இல் செயல்படத் தொடங்கிய 700 மெகாவாட் அலகுகள் மூன்று, 2016இல் சேர்ந்த 1,000 மெகாவாட் அலகு ஒன்று. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் பொதுவாக 0.8 முதல் 1 கிலோ வரை கரியமில வாயு வெளியாகும். அப்படியானால் 1,000 மெகாவாட் அலகு எதுவானாலும் ஒரு நாள் முழுத் திறனில் ஓடினால் சுமார் 20,000 டன். அதில் 10 விழுக்காடு பிழை என்றால் 2,000 டன். சிங்கப்பூரின் 45 வெள்ளி வீதத்தில் கணக்கிட்டால் ஒரே நாளில் 90,000 சிங்கப்பூர் வெள்ளி! எரித்த நிலக்கரியின் எடையை வைத்தும் கரியமில வாயுவைக் கணக்கிடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கணக்கு சரியா என்று பார்க்க இன்னொரு கணக்கு வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது?

பாரிஸ் ஆற்றில் பிறந்த குழாய்

புகைபோக்கிக்குள் வேகத்தை அளக்கப் பெரும்பாலும் பயன்படும் கருவியின் வயது ஏறக்குறைய 300 ஆண்டு. 1732இல் ஹென்றி பிட்டோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர், பாரிஸ் நகரில் ஓடும் சேன் ஆற்றின் வேகத்தை அளக்க ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார். குழாயின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பினால், ஓடிவரும் நீர் குழாய்க்குள் உயர்ந்து நிற்கும். வேகம் கூடக்கூட உயரமும் கூடும். இன்று விமானங்களின் வேகத்தைச் சொல்வதும் அதே பிட்டோ குழாய்தான்.

இதன் தத்துவம் இயற்பியல் பாடத்தில் வரும் பெர்னூலி கொள்கை. ஓட்டத்தை எதிர்நோக்கும் துளையில் அழுத்தம் அதிகம். மற்றத் துளையில் குறைவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டால் பெருக்கி, வாயுவின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, குழாயின் கெழுவால் பெருக்கினால் வேகம் கிடைத்துவிடும்.

புகைபோக்கிகளில் பயன்படுவது ‘எஸ்’ வகை பிட்டோ குழாய். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு குழாய்கள், வாய்கள் எதிரெதிர்த் திசையில் திறந்திருக்கும். துளைகள் அகலமானவை என்பதால் கரியும் சாம்பலும் எளிதில் அடைத்துக்கொள்வதில்லை. இதன் கெழு பொதுவாக 0.84 என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நம் எடுத்துக்காட்டுப் புகைபோக்கியில் வாயுவின் வெப்பம் 130 பாகை, அடர்த்தி கன மீட்டருக்கு 0.85 கிலோ என்று கொள்வோம். வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் இந்தக் குழாய் காட்டும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 195 பாஸ்கல். அதாவது வெறும் 20 மில்லிமீட்டர் உயர நீர். டன் கணக்கான மாசும் இலட்சக்கணக்கான வெள்ளியும் இவ்வளவு சிறிய நீர்மட்டத்தை நம்பி நிற்கின்றன!

இன்னொன்றையும் கவனியுங்கள். குறுக்குப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே புகைபோக்கியின் விட்டத்தை 1 விழுக்காடு தவறாக அளந்தாலே ஓட்டக் கணக்கு 2 விழுக்காடு தவறிப்போகும். வேகத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்தப் பிழை அப்படியே இருக்கும்.

மேடையில் ஏறிச் செய்யும் வேலை

புகைபோக்கி எங்கும் வேகம் ஒரே அளவில் இருப்பதில்லை. நடு ஆற்றில் நீர் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் ஓடுவதுபோல, சுவரை ஒட்டிய வாயு மெதுவாகச் செல்லும். ஆகவே ஓர் இடத்தில் அளந்தால் போதாது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு விட்டங்களின் நெடுகிலும் குழாயை நகர்த்தி நகர்த்தி, குறைந்தது 12 புள்ளிகளிலாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

அளக்கும் இடத்தையும் இஷ்டம்போல் தேர்வு செய்ய முடியாது. கடைசி வளைவிலிருந்து விட்டத்தைப்போல் எட்டு மடங்கு தூரம் தள்ளியும், மேல் வாயிலிருந்து இரண்டு மடங்கு தூரம் கீழேயும் இருப்பது நல்லது என்பது நடைமுறை. 6 மீட்டர் விட்டத்துக்கு எட்டு மடங்கு என்றால் 48 மீட்டர். 15, 16 மாடிக் கட்டடத்தின் உயரத்தில், நடுப்பகல் வெயிலில், சுடும் உலோகச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நீளமான குழாயைத் துளை வழியாக நுழைத்து ஒவ்வொரு புள்ளியாகக் குறித்துக்கொள்வதுதான் அளவீட்டுக் குழுவினரின் வேலை. நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட தானியங்கிக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்பதை இவர்களின் அளவீட்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

வில்லனாக வரும் சுழல்

இவ்வளவு கவனமாக அளந்தும் பிழை எங்கிருந்து வருகிறது? வாயு நேராக மேலே செல்வதில்லை என்பதே காரணம்.

கொதிகலனிலிருந்து வரும் வாயு விசிறிகளைக் கடந்து, கிடைமட்டக் குழாய் வழியாக ஓடி, புகைபோக்கியின் அடியில் சட்டென்று செங்குத்தாகத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் அது சுழல ஆரம்பிக்கிறது. குளியலறைத் தொட்டியின் நீர் சுழன்றுகொண்டே வடிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல வாயு திருகாணியின் மரைபோல் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது.

நமக்குத் தேவையானது மேல்நோக்கிய வேகம் மட்டுமே. பக்கவாட்டில் சுற்றும் வேகம் வாயுவை வெளியே கொண்டு போவதில்லை. ஆனால் ‘எஸ்’ வகைக் குழாய்க்கு இந்த வேறுபாடு தெரியாது. சாய்வாக வந்து மோதும் வாயுவை அது நேராக வந்ததைப் போலவே எண்ணிவிடும். விளைவாக, சுழல் மிகுந்த புகைபோக்கிகளில் உண்மையைவிடக் கூடுதலான வேகம் பதிவாகிறது. சுவரோர மெதுவான ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டாலும் அதே திசையில்தான் பிழை சேரும்.

1990களில் அமெரிக்க மின்நிலையங்கள் இதைத்தான் எதிர்கொண்டன. எரிபொருளை வைத்துப் போட்ட கணக்கும் புகைபோக்கியில் அளந்த கணக்கும் ஒத்துப்போகவில்லை. புகைபோக்கிக் கணக்கு கூடுதலாக இருப்பதாக நிலையங்கள் முறையிட்டன. ஆய்வுகளுக்குப் பிறகு, 1999இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு மூன்று புதிய அளவீட்டு முறைகளை ஏற்றுக்கொண்டது. வாயு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து அளக்கும் முறைகளும், சுவரோர ஓட்டத்துக்குத் திருத்தம் செய்யும் முறையும் அவற்றில் அடங்கும்.

படுக்க வைத்த புகைபோக்கி

இப்போது ஒரு சிக்கலான கேள்வி. புகைபோக்கியில் உண்மையான ஓட்டம் எவ்வளவு என்பதே நமக்குத் தெரியாது. பிறகு எந்தக் கருவி சரி, எது தவறு என்று எப்படிச் சொல்வது? கடைத் தராசைச் சோதிக்க முத்திரையிட்ட படிக்கல் வேண்டும். புகைபோக்கிக்குப் படிக்கல் எங்கே?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ‘நிஸ்ட்’ எனப்படும் தேசிய தர, தொழில்நுட்பக் கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரிப் புகைபோக்கியை அதன் ஆய்வாளர்கள் கட்டினார்கள். அது நிமிர்ந்து நிற்பதில்லை, தரையில் படுத்துக் கிடக்கிறது. ஏணி ஏறாமல் எந்த இடத்திலும் கருவியைப் பொருத்தலாம் அல்லவா? உள்ளே புகையும் கிடையாது. சாதாரணக் காற்றைத்தான் விசிறிகள் இழுக்கின்றன.

இதன் நுட்பம் இரண்டு பகுதிகளில் இருக்கிறது. முதல் பகுதியில் காற்று சீராகவும் நேராகவும் ஓடும். அங்கே அதன் அளவு 1 விழுக்காட்டுக்கும் குறைவான ஐயத்தோடு தெரிந்துவிடும். பிறகு காற்று கூர்மையான ஒரு திருப்பத்தில் திரும்பி, உண்மையான புகைபோக்கியில் நடப்பதுபோலவே கொந்தளித்துச் சுழன்றுகொண்டு 1.2 மீட்டர் விட்டமுள்ள சோதனைப் பகுதிக்குள் நுழையும். முன்னே சென்ற காற்றுதான் பின்னே வருகிறது. ஆகவே விடை ஏற்கெனவே தெரியும். விடை தெரிந்த வினாத்தாளைக் கருவிகளிடம் கொடுத்து, எந்தக் கருவி எத்தனை மதிப்பெண் வாங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

தேர்வு எழுதும் புதிய கருவிகள்

முதல் மாணவர், ஐந்து துளைக் குழாய். உருண்டை அல்லது பட்டக வடிவத் தலையில் ஐந்து துளைகள் இருக்கும். நடுத்துளை நேராக வரும் வாயுவையும், சுற்றியுள்ள துளைகள் இடம், வலம், மேல், கீழ்ச் சாய்வுகளையும் உணரும். முன்பெல்லாம் ஒவ்வொரு புள்ளியிலும் இடத்துளைக்கும் வலத்துளைக்கும் அழுத்தம் சமமாகும்வரை குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மேடையில் நிற்பவருக்கு அது நேரத்தைத் தின்னும் வேலை. இப்போது ஒவ்வொரு குழாயையும் முன்கூட்டியே காற்றுச் சுரங்கத்தில் பல கோணங்களில் சோதித்து, அதற்கென ஒரு கணிதச் சமன்பாட்டைத் தயாரித்துவிடுகிறார்கள். பிறகு புகைபோக்கியில் திருப்பாமலே ஐந்து அழுத்தங்களையும் பதிவு செய்தால் போதும். வேகத்தையும் திசையையும் கணினி சொல்லிவிடும்.

இரண்டாவது மாணவர், மீயொலிக் கருவி. புகைபோக்கியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கச் சுவருக்குச் சாய்வாக ஒலியை அனுப்புவார்கள். வாயு ஓடும் திசையில் செல்லும் ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்திசையில் வரும் ஒலி தாமதமாகும். நம் 6 மீட்டர் புகைபோக்கியில் 45 பாகைச் சாய்வில் இந்த வேறுபாடு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட வராது. அதைத் துல்லியமாக அளந்துவிட்டால் வேகம் கிடைத்துவிடும். ஓட்டத்துக்குள் எந்தக் குழாயையும் நீட்டத் தேவையில்லை.

ஆனால் இங்கும் சுழல் விளையாடும். ஒரே ஒரு பாதையில் ஒலியை அனுப்பினால், பக்கவாட்டுச் சுழலும் அந்தப் பாதையில் கூடவோ குறையவோ சேர்ந்துவிடும். மாதிரிப் புகைபோக்கியில் சோதித்தபோது, ஒற்றைப் பாதைக் கருவியின் பிழை 10 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் ‘எக்ஸ்’ எழுத்தைப்போல் ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு பாதைகளைப் பயன்படுத்தியபோது பிழை ஏறக்குறைய 1 விழுக்காட்டு அளவுக்குச் சுருங்கியது. காரணம் எளிது. முதல் பாதையில் கூடிய சுழலின் அளவு இரண்டாவது பாதையில் கழிகிறது. சராசரி எடுக்கும்போது சுழல் தானாகவே காணாமல் போகிறது. பக்கத்து வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தியும் நம் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியும் ஓடினால், இரண்டின் சராசரி சரியான நேரத்தைக் காட்டும் அல்லவா?

மூன்றாவது மாணவர் சற்று வித்தியாசமானவர். புகைபோக்கியின் விட்டத்தைவிட நீண்ட அலைநீளம் கொண்ட தாழ்ந்த ஒலியைப் புகைபோக்கியின் நெடுகிலும் அனுப்பும் முறை இது. அவ்வளவு நீண்ட அலைக்கு உள்ளே இருக்கும் சுழலும் கொந்தளிப்பும் தனித்தனியாகத் தெரிவதில்லை. முழு ஓட்டத்தின் சராசரியை மட்டுமே அது சுமந்து வரும். நிஸ்ட் ஆய்வாளர்கள் இதையும் மாதிரி அளவில் சோதித்துள்ளார்கள்.

இந்த முயற்சி அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. தென்கொரியாவின் தேசிய அளவியல் கழகத்தில் ‘எஸ்’ வகைக் குழாயின் வடிவத்தையே மாற்றி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் பிழை குறைவாக வரும்படி செய்ய ஆய்வு நடக்கிறது. ஐரோப்பாவில் புகைபோக்கி ஓட்ட அளவீட்டுக்கென்றே 2013இல் ஒரு அனைத்துலகத் தரநிலை வெளியானது.

ஜொகூர் மாணவருக்கு இதில் என்ன வேலை?

புதிய கருவிகளை வாங்கிப் பொருத்திவிட்டால் மட்டும் போதாது. அவற்றைச் சோதிக்கவும் திருத்தவும் புரிந்துகொள்ளவும் ஆள் வேண்டும். அதற்கான தளம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் கொண்ட சோதனைப் பகுதியோடு ஒரு காற்றுச் சுரங்கம் உள்ளது. அதில் வினாடிக்கு 80 மீட்டர் வரை காற்றை ஓட்டலாம். பிட்டோ குழாய் எப்படி நடந்துகொள்கிறது என்று கற்றுக்கொள்ளக் காற்றுச் சுரங்கத்தைவிட நல்ல வகுப்பறை கிடையாது. நாட்டின் அளவுத் தரங்களைப் பேணிக் காக்கும் தேசிய அளவியல் கழகம் சிப்பாங், சாலாக் திங்கியில் இயங்குகிறது.

படிப்பு என்று பார்த்தால், இயந்திரப் பொறியியல், இரசாயனப் பொறியியல், கருவியியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகிய துறைகள் இதோடு நேரடித் தொடர்புடையவை. பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. டிப்ளோமா முடித்தவர்களும் அளவீட்டுக் குழுக்களில் சேரலாம். தொழிற்சாலைகளில் பை வடிகட்டி, வாயு கழுவும் கருவி போன்றவற்றை இயக்குபவர்களுக்குத் தகுதிச் சான்றிதழ் தேவை. அந்தப் பயிற்சிகளைச் சுற்றுச்சூழல் துறையின் கீழ் பாங்கியில் இயங்கும் ‘எய்மாஸ்’ கழகம் நடத்துகிறது. பாசீர் கூடாங், தஞ்சோங் லங்சாட், பெங்கெராங் எனத் தொழிற்பேட்டைகள் நிறைந்த மாநிலத்தில் இந்தத் திறன்களுக்கு இடம் உண்டு.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் செய்து பார்க்க ஓர் எளிய சோதனை. மேசை விசிறி ஒன்று, மீன்தொட்டிக்குப் பயன்படும் ஒளிபுகும் குழாய் ஒன்றரை மீட்டர், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகை ஒன்று, கொஞ்சம் நிறம் கலந்த நீர். இவ்வளவுதான்.

குழாயின் நடுப்பகுதியை ‘யூ’ வடிவில் வளைத்துப் பலகையில் ஒட்டுங்கள். வளைவு பலகையின் கீழ் ஓரத்திலும் இரண்டு கால்களும் பலகையின் நெடுக மேல்நோக்கியும் இருக்கட்டும். குழாய்க்குள் நிற நீரை ஊற்றுங்கள். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் நீர் ஒட்டாமல் நகரும். பலகையின் மேல் ஓரத்தை 3 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி வையுங்கள். இப்போது குழாயின் ஒரு முனையை விசிறிக் காற்றுக்கு நேர் எதிராகப் பிடியுங்கள். மறுமுனை காற்றுப் படாத இடத்தில் இருக்கட்டும்.

விசிறிக் காற்று வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்தால் அழுத்தம் சுமார் 10 பாஸ்கல். நேராக நிற்கும் குழாயில் அது 1 மில்லிமீட்டர் நீர்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் பத்துக்கு ஒன்று என்ற சாய்வில் இரண்டு கால்களின் நீர்மட்டங்களுக்கும் இடையே 10 மில்லிமீட்டர் வேறுபாடு வரும். புகைபோக்கி அளவீட்டாளர்களும் இதே சாய்வுக் குழாய் உத்தியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு மூன்று விஷயங்களைச் செய்து பாருங்கள். முனையை விசிறியின் நடுவிலிருந்து ஓரம்வரை நகர்த்தி, ஒவ்வொரு 2 சென்டிமீட்டருக்கும் அளவைக் குறித்து வரைபடம் வரையுங்கள். வேகம் எங்கும் ஒன்றல்ல என்பது தெரியும். அடுத்து, ஒரே இடத்தில் முனையை இடமும் வலமும் மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். அதிக அளவு காட்டும் திசை நேர்த்திசையாக இருக்காது. விசிறிக் காற்றும் சுழன்றுகொண்டுதான் வருகிறது! கடைசியாக, அதே சோதனையை உங்கள் நண்பரைச் செய்யச் சொல்லி இருவரின் எண்களையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. ஏன் என்று இருவரும் சேர்ந்து யோசியுங்கள். அறிவியல் விழாவுக்கு நல்லதொரு திட்டப்பணி தயார்.

நம்பத்தகுந்த ஓர் எண்

தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல முடியாது. பாசீர் கூடாங்கிலும் பெங்கெராங்கிலும் நம் வீட்டு அப்பாக்களும் அண்ணன்களும் அக்காக்களும் வேலை செய்கிறார்கள். அதே தொழிற்சாலைக்குப் பக்கத்துப் பள்ளியில் தம்பி தங்கைகள் படிக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயமாக நடக்க வேண்டுமென்றால் இருவருமே நம்பக்கூடிய ஓர் எண் வேண்டும். அந்த எண் இல்லாத இடத்தில் ஒரு பக்கம் பயமும் மறுபக்கம் மறுப்பும்தான் மிஞ்சும்.

300 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் ஆற்றில் குழாயை நட்டு நீர்மட்டம் உயர்வதைக் கவனித்தார். இன்று அதே கேள்வியோடு சிலர் புகைபோக்கி மேடைகளில் நிற்கிறார்கள், சிலர் ஆய்வுக்கூடங்களில் ஒலியை அனுப்பிக் காத்திருக்கிறார்கள். அடுத்த முறை பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது, மாணவர்களே, புகையின் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே அது எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் ஓடுகிறது, அதை யார் எப்படி அளந்தார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். அளப்பவர்களில் ஒருவராக நாளை நீங்களும் இருக்கலாம்.